விண்ணோக்கி பழுதுற்றால்: செப்பனிடுவதா, புதிது செய்வதா?

சாகுபுரம், ஆறுமுகநேரி, காயல்பட்டினம் என்று உப்பளங்களை ஒட்டி அமைந்த தூத்துக்குடிக் கரையோர ஊர்களில் இரும்பைப் பேணுவது அன்றாடக் காரியமாகும். ரசாயன ஆலையின் குழாயாயினும், உப்பளத்தில் நீரிறைக்கும் மோட்டாராயினும், துறையில் கரையேற்றப்பட்ட தோணியாயினும், உப்புக்காற்று அதனை ஒருநாள் அரிக்கத்தான் போகிறது என்பதை முன்னமே ஒப்புக்கொண்டுதான் இங்கே எதனையும் செய்கிறார்கள். ஸ்பேனர் நுழைவதற்கான இடமும், பலகை இடுக்கில் பஞ்சு திணிக்க உளி செல்வதற்கான வழியும், பொருள் உருவாகும்போதே அதனுடன் சேர்ந்து உருவாகின்றன. கடற்கரையில் யாரும் கேள்வி கேட்காமல் கைக்கொள்ளும் இந்த விவேகம், பூமிக்கு மேலே பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுழலும் தொலைநோக்கிகளின் விஷயத்தில் மட்டும் நெடுங்காலமாகத் தீராத சர்ச்சையாக இருந்துவருகிறது. கோடிக்கணக்கில் செலவிட்டு, பல்லாண்டு உழைத்து விண்ணில் நிறுத்திய ஒரு தொலைநோக்கியில் ஓர் உறுப்பு செயலிழந்தால், அதனைச் செப்பனிட்டு ஆயுளை நீட்டிப்பது அறிவுடைமையா, கைவிட்டுப் புதிதொன்றை நிர்மாணிப்பது அறிவுடைமையா?

திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினத்தில் நாட்டின் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28-இல் அடிக்கல் நாட்டப்பட்டபின், இக்கேள்வி இக்கரைக்கும் உரியதாகிவிட்டது. இதற்கு இதுவரை அளிக்கப்பட்டுள்ள விடைகளை வகைப்படுத்தி, ஒவ்வொன்றும் எந்தச் சூழ்நிலையில் பிறந்தது, எந்த இடத்தில் வலுவிழக்கிறது என்பதை ஆராய்ந்து, நம் நாட்டின் விண்ணோக்கிகளுக்கு அவை எவ்வளவு பொருந்தும் என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கேள்வி பிறந்த விதம்

1946-ஆம் ஆண்டில் லைமன் ஸ்பிட்சர் என்னும் அமெரிக்க வானியல் அறிஞர், வளிமண்டலத்திற்கு மேலே ஒரு தொலைநோக்கியை நிறுவுவதால் விளையும் நன்மைகளை ஓர் அறிக்கையில் விவரித்தார். அப்போது எந்த நாடும் ஒரு சிறு செயற்கைக்கோளைக்கூட ஏவியிருக்கவில்லை. வானிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களையும் புற ஊதாக் கதிர்களின் பெரும்பகுதியையும் காற்று மண்டலம் விழுங்கிவிடுவதால், அவற்றைக் காண விரும்புவோர் காற்றுக்கு மேலே சென்றாக வேண்டும். அவ்வாறு மேலே அனுப்பிய கருவியைப் பின்னர் யாரும் தொட முடியாது என்பது அந்த நன்மைக்கு ஈடாகக் கொடுக்க வேண்டிய விலையாக அமைந்தது.

அந்த விலையை இந்தியா தன் முதல் முயற்சியிலேயே கொடுத்தது. 1975 ஏப்ரல் 19-இல் சோவியத் ராக்கெட்டின் மூலம் ஏவப்பட்ட ஆரியபட்டா, எக்ஸ் கதிர் வானியலுக்கான ஒரு கருவியையும் சுமந்து சென்றது. ஆயினும் நான்கே நாட்களில் மின்வழங்கலில் நேர்ந்த கோளாறினால் அதன் விஞ்ஞானச் சோதனைகள் நின்றுபோயின. தரையில் நேர்ந்திருந்தால் ஒரு மின்பணியாளர் சரிசெய்திருக்கக்கூடிய வகையைச் சேர்ந்த ஒரு கோளாறு, விண்ணில் நேர்ந்ததனால் முடிவாகிவிட்டது. எக்ஸ் கதிர் வானியலில் நம்மவருக்குக் கிட்டிய முதல் பாடம், கருவியின் நுட்பத்தைக் காட்டிலும் அதன் ஆயுளைப் பற்றியதாகவே இருந்தது எனலாம்.

முதல் நிலைப்பாடு: கைவிட்டுப் புதிது செய்தல்

பழையதைக் கைவிட்டுப் புதியதை அனுப்புக என்போர் கட்சியே இவற்றுள் மிகப் பழைமையானது. செயற்கைக்கோள்கள் சிறியனவாகவும், அவற்றின் ஆயுள் மாதக் கணக்கினதாகவும் இருந்த காலத்தில் இது ஒரு கொள்கையாகக்கூட இருக்கவில்லை. வேறு வழியில்லாமையே வழக்கமாயிற்று. பின்னர் அவ்வழக்கத்திற்கு வலுவான நியாயங்கள் கிடைத்தன. செப்பனிடச் செல்லும் கலத்திற்கும் ஒரு ராக்கெட் வேண்டும். அந்தச் செலவில் புதிய தொலைநோக்கியையே அனுப்பலாம். பத்தாண்டுக்கு முந்திய உணர்கருவியை உயிர்ப்பிப்பதைவிட இன்றைய உணர்கருவியுடன் புதிதாகத் தொடங்குவது விஞ்ஞானத்திற்கு உகந்தது. ஒரே வடிவத்தில் பல கருவிகளைச் செய்தால் ஒவ்வொன்றின் விலையும் குறையும் என்பன அவர்களுடைய வாதங்கள். ஹப்பிள் தொலைநோக்கியைப் பேணுவதற்காக அமெரிக்கா செலவிட்ட பெருந்தொகையைக் கொண்டு வேறு பல தொலைநோக்கிகளைச் செய்திருக்கலாம் என்று கருதிய வானியலாளரும் உண்டு.

கணக்களவில் மறுத்தற்கரிய இந்த வாதம், நடைமுறையில் ஓர் அனுமானத்தைச் சார்ந்து நிற்கிறது: பழையது போனவுடன் புதியது வந்துவிடும் என்பதே அது. வரலாறு அந்த அனுமானத்திற்கு ஆதரவாகப் பேசவில்லை. 1991-இல் ஏவப்பட்ட காம்ப்டன் காமா கதிர் ஆய்வுக்கூடத்தில் 1999-ஆம் ஆண்டின் இறுதியில், கலம் திரும்புவதை உணரும் ஒரு கைரோஸ்கோப் செயலிழந்தது. ஏறத்தாழ 17 டன் எடையுள்ள அக்கலம் கட்டுப்பாடின்றி மக்கள் வாழும் பகுதியில் விழுந்துவிடக் கூடாது என்னும் அச்சத்தினால், விஞ்ஞானக் கருவிகள் இயங்கும் நிலையிலேயே, 2000 ஜூன் 4-இல் அதனைப் பசிபிக் கடலில் இறக்கினார்கள். அதிலிருந்த காம்டெல் என்னும் கருவி நடுத்தர ஆற்றலுடைய காமா கதிர்களில் வானம் முழுவதையும் அளந்து தந்தது; அதற்கு நிகரான ஓர் அளவாய்வு அதன்பின் கால் நூற்றாண்டாகியும் வரவில்லை.

நம் நாட்டு அனுபவமும் அதுவே. 1996 மார்ச்சில் பி.எஸ்.எல்.வி. ராக்கெட்டின் மூலம் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ்.-பி3 செயற்கைக்கோளில் இந்திய எக்ஸ் கதிர் வானியல் சோதனைக்கான கருவிகள் இடம்பெற்றன. அடுத்த பெரிய கருவியான ஆஸ்ட்ரோசாட் விண்ணை எட்டியது 2015-இல். இடையே கழிந்தவை 19 ஆண்டுகள். கருவியைச் செய்யும் கரங்களும் அதனைப் புரிந்துகொள்ளும் அறிவும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறுவதற்கு இத்தகைய இடைவெளி பெரும் இடையூறாகும். புதிது செய்வோர் கட்சியின் பலவீனம் அதன் தர்க்கத்தில் இல்லை. புதியதைச் செய்ய வேண்டிய அரசுகளும் நிறுவனங்களும் அந்தத் தர்க்கத்தின் வேகத்தில் இயங்குவதில்லை என்பதே அதன் பலவீனம்.

இரண்டாம் நிலைப்பாடு: மனிதக் கரங்கள்

மனிதர் நேரில் சென்று செப்பனிட வேண்டும் என்னும் நிலைப்பாடு, அமெரிக்காவின் விண்வெளி ஓடத்துடன் பிறந்து அதனுடன் ஏறத்தாழ மறைந்தது. 1980-இல் ஏவப்பட்ட சோலார் மாக்ஸ் என்னும் சூரிய ஆய்வுக்கலத்தின் நிலைநிறுத்தும் அமைப்பு சில மாதங்களிலேயே பழுதுபட்டது. கழற்றி மாற்றக்கூடிய பெட்டிகளாக அது வடிவமைக்கப்பட்டிருந்தமையால், 1984 ஏப்ரலில் சாலஞ்சர் ஓடத்தில் சென்றவர்கள் அதனைப் பிடித்துச் சீர்செய்ய முனைந்தனர். முதுகில் கட்டிய உந்துகலத்தின் துணையால் மிதந்து சென்ற ஜார்ஜ் நெல்சன், தம் மார்பில் பொருத்தியிருந்த பிடிப்பானைக் கலத்திலிருந்து நீட்டியிருந்த ஒரு முளையில் மாட்ட முயன்றார், அது பூட்டிக்கொள்ளவில்லை. மீண்டும் முயன்றும் பயனில்லை. வெப்பக் காப்புப் போர்வையைப் பிடித்திருந்த ஒரு சிறு வளையம், முளைக்கு அருகில், பிடிப்பானின் வழியை மறித்து நின்றது. வடிவமைப்பு வரைபடங்களில் அவ்வளையம் குறிக்கப்படவே இல்லை. முடிவில் ஓடத்தின் யந்திரக் கரத்தால் கலத்தைப் பற்றி, சரக்கறைக்குள் நிறுத்தி, பழுதான பெட்டியை மாற்றினார்கள். செயற்கைக்கோள் ஒன்றுக்கு விண்ணில் நிகழ்ந்த இந்த முதல் செப்பனிடல் கற்பித்தது இதுதான்: பழுதுபார்ப்பவனின் திறமைக்கு முன்னால், செய்தவன் எழுதிவைத்த வரைபடத்தின் உண்மை நிற்கிறது.

இக்கட்சியின் பெருமிதம் ஹப்பிள் தொலைநோக்கியாகும். 1990 ஏப்ரலில் விண்ணேறிய அதன் 2.4 மீட்டர் ஆடி விளிம்பில் சுமார் 2.2 மைக்ரான் அளவுக்குத் தட்டையாகத் தேய்க்கப்பட்டுவிட்டதனால், விண்மீன்கள் மங்கலான வட்டங்களாகத் தெரிந்தன. ஆடியைச் சோதித்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறி அமைந்ததே மூல காரணம். 1993 டிசம்பரில் ஐந்து விண்நடைகளில், அப்பிழையை எதிர்ப்பிழையால் சமன் செய்யும் ஒளியியல் உறுப்புகள் பொருத்தப்பட்டன. கண்ணுக்குக் கண்ணாடி அணிவித்தது போல, தொலைநோக்கி தெளிவு பெற்றது. 1997, 1999, 2002, 2009 ஆகிய ஆண்டுகளிலும் பயணங்கள் தொடர்ந்தன. ஐந்து பயணங்களிலும் சேர்த்து 23 விண்நடைகள். ஒவ்வொரு பயணத்திலும் பழுது நீங்கியதோடு, பெரும்பாலானவற்றில் புதிய கருவிகளும் ஏறின. ஆகவே 2009-இல் இருந்த ஹப்பிள், 1990-இல் ஏவப்பட்டதைவிடப் பன்மடங்கு ஆற்றலுடையதாயிற்று. செப்பனிடுவது பழைமையைப் பாதுகாப்பது மட்டுமே என்னும் எண்ணத்தை இது தகர்த்தது.

2009 மே மாதத்தில் விண்வெளி வீரர் மைக்கேல் மாசிமினோ செய்த பணியை உற்றுநோக்கினால் இந்நிலைப்பாட்டின் வலிமையும் பலவீனமும் ஒருங்கே புலனாகும். நிறமாலை ஆராயும் ஒரு கருவியின் மின்வழங்கி 2004-இல் செயலிழந்திருந்தது. அதனை விண்ணில் திறப்பார்கள் என்று யாரும் எண்ணாமையால், அதன் மூடியில் 111 சிறு திருகாணிகள் இறுக்கப்பட்டிருந்தன. கழலும் திருகாணிகள் மிதந்து சென்று தொலைநோக்கிக்குள் புகாதபடி பிடித்துவைக்க ஒரு தனித் தட்டு செய்யப்பட்டது. அந்தத் தட்டைப் பொருத்துவதற்கு முன் ஒரு கைப்பிடியை அகற்ற வேண்டும்; அதன் போல்ட்டுகளில் ஒன்றன் தலை மழுங்கி, சாவி வழுக்கியது. தரையிலிருந்தோர் ஒரு மாதிரியை இழுத்துச் சோதித்துச் சொன்னபின், அவர் அக்கைப்பிடியை வெறும் கைபலத்தால் பிடுங்கியெடுத்தார். மன்னார் வளைகுடாவின் முத்துப்பாரில் மூழ்கும் குளியாளி, தோணியின்மேல் கயிற்றைப் பிடித்திருப்பவரின் கவனத்தை நம்பித் தன் மூச்சடங்குவதற்குள் காரியத்தை முடிப்பது போன்ற ஒரு கூட்டு முயற்சி அது. எதிர்பாராத தடையைக் கண்ட இடத்திலேயே தீர்மானித்துக் கடக்கும் அந்த ஆற்றலை இன்றுவரை எந்த யந்திரமும் முழுமையாகப் பெற்றுவிட்டதாகச் சொல்ல இயலாது.

ஆயினும் அதன் விலை மனித உயிராகவும் இருக்கக்கூடும். 2003 பிப்ரவரி 1-இல் கொலம்பியா ஓடம் சிதைந்து கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டபின், பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் அடைக்கலம் புக இயலாத பயணம் எதுவும் வேண்டா என்னும் எண்ணம் ஓங்கிற்று. ஹப்பிளின் பாதை நிலநடுக்கோட்டிற்கு 28.5 பாகையும், நிலையத்தின் பாதை 51.6 பாகையும் சாய்ந்தவை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்ல ஓடத்திடம் எரிபொருள் இல்லை. எனவே 2004 ஜனவரியில் இறுதிப் பயணம் ரத்து செய்யப்பட்டது. கடும் விவாதத்திற்குப் பின் 2006 அக்டோபரில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. 2009-இல் அட்லாண்டிஸ் புறப்பட்டபோது, ஆபத்து நேர்ந்தால் மீட்பதற்கென எண்டெவர் ஓடம் மற்றொரு மேடையில் ஆயத்தமாக நிறுத்தப்பட்டிருந்தது. தொலைநோக்கி ஒன்றைச் செப்பனிட இரண்டு ஓடங்கள் வேண்டியிருந்தன என்றால், இந்நிலைப்பாடு எல்லா நாடுகளுக்கும் எளிதில் உரியதாகாது என்பது வெளிப்படை.

மூன்றாம் நிலைப்பாடு: யந்திரக் கரங்கள்

மனிதரை அனுப்பாமல் யந்திரத்தை அனுப்பலாம் என்னும் யோசனை, ஹப்பிள் பயணம் ரத்தான 2004-இலேயே தீவிரமாகப் பரிசீலிக்கப்பட்டது. அமெரிக்க தேசிய அகாதெமிகளின் குழு, குறித்த காலத்திற்குள் யந்திரப் பயணம் வெற்றி பெறுவது ஐயத்திற்குரியது என்று கருதி, விண்வெளி ஓடத்தையே பரிந்துரைத்தது. அத்தீர்ப்பு அன்றைய தொழில்நுட்பத்தைப் பற்றியது. அதன்பின் நிலைமை வெகுவாக மாறியிருக்கிறது. 2007-இல் ஆர்பிட்டல் எக்ஸ்பிரஸ் என்னும் சோதனையில் ஒரு கலம் மற்றொன்றிற்கு எரிபொருள் நிரப்பி, பேட்டரியையும் மாற்றியது. 2020 பிப்ரவரியில் எம்.ஈ.வி.-1 என்னும் கலம், எரிபொருள் தீரும் தறுவாயிலிருந்த இன்டெல்சாட் 901 தகவல் தொடர்புக் கோளின் எஞ்சின் முனையைப் பற்றிக்கொண்டு, அதனை ஏறத்தாழ ஐந்தாண்டுகள் தாங்கி நடத்திற்று.

ஆனால் தாங்குவது வேறு, செப்பனிடுவது வேறு. மேற்சொன்ன கலம் தான் பற்றிய கோளின் உள்ளே எதனையும் திறக்கவில்லை. திறந்து எரிபொருள் நிரப்புவதற்கென நாசா வகுத்த ஓசாம்-1 திட்டம், அதற்கென வடிவமைக்கப்படாத லாண்ட்சாட் 7 கோளை இலக்காகக் கொண்டிருந்தது. செலவும் தாமதமும் மிகுந்ததனால் 2024-இல் கைவிடப்பட்டது. தொலைநோக்கிகளுக்கு மேலும் ஓர் இடர் உண்டு. நெருங்கிவரும் கலத்தின் உந்துவாயு ஆடியின்மேல் மெல்லிய படலமாகப் படிந்தாலே புற ஊதா ஒளி மங்கிவிடும். ஆஸ்ட்ரோசாட்டின் புற ஊதாத் தொலைநோக்கியின் கதவுகளை, விண்ணேறி இரண்டு மாதங்கள் கழித்து, கலத்திலிருந்து கசியும் ஆவிகள் அடங்கிய பின்னரே திறந்தார்கள் என்பதிலிருந்து, அத்தகைய ஆடிகள் எவ்வளவு மென்மையானவை என்பதை உணரலாம்.

எனவே இந்நிலைப்பாட்டின் இன்றைய எல்லை, உயரத்தை மீட்டுத் தருவதேயாகும். 2004 நவம்பரில் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் விண்ணோக்கி, சூரியச் செயல்பாடு மிகுந்த ஆண்டுகளில் மேல்வளிமண்டலம் விரிந்ததனால் விரைந்து தாழத் தொடங்கிற்று. அதனைப் பற்றி மேலேற்றும் பணியை 2025 செப்டம்பரில் நாசா ஒரு தனியார் நிறுவனத்திற்கு ஒப்படைத்து, 2026-இல் முயற்சி செய்யத் திட்டமிட்டது. பற்றுவதற்கென ஒரு பிடியும் ஸ்விஃப்ட்டில் வைக்கப்படவில்லை என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

நான்காம் நிலைப்பாடு: தரையிலிருந்தே வைத்தியம்

தொடாமலே குணப்படுத்துவது நான்காவது வழி. பழுதுற்ற உறுப்பை விடுத்து, எஞ்சியுள்ளவற்றைக் கொண்டு, புதிய கட்டளைகளின் துணையால் கலத்தை இயக்கும் இந்த முறை, புகழ் குறைந்ததாயினும் பயன் மிகுந்தது. 1978-இல் ஏவப்பட்ட ஐ.யூ.ஈ. என்னும் புற ஊதா விண்ணோக்கி, ஆறு கைரோக்களில் ஒவ்வொன்றாக இழந்தபோதும், சூரியனைக் காணும் உணர்கருவியைத் துணையாகக் கொண்டு 1996 வரை இயங்கியது. கெப்ளர் விண்ணோக்கியைக் குறி தவறாமல் நிறுத்திய நான்கு சக்கரங்களில் இரண்டு 2013 மே மாதத்திற்குள் நின்றுவிட்டன. சூரிய ஒளி கலத்தின்மேல் செலுத்தும் நுண்ணிய அழுத்தத்தையே மூன்றாவது சக்கரமாக்கி, 2014 முதல் 2018 வரை அதனை மீண்டும் பணியில் ஈடுபடுத்தினார்கள். ஹப்பிளும் 2024 ஜூன் முதல் ஒரே கைரோவின் துணையால் இயங்கிவருகிறது.

இக்கலையில் இந்தியா பின்தங்கியதன்று. சந்திரயான்-1 விண்கலத்தின் விண்மீன் உணர்கருவிகள் நிலவின் வெம்மையில் செயலிழந்தபோது, கைரோக்களைக் கொண்டு நிலையறிந்து, பாதையை 100 கிலோமீட்டரிலிருந்து 200 கிலோமீட்டராக உயர்த்தி, 2009 ஆகஸ்டு வரை பணியைத் தொடர்ந்தனர். ஆறு மாதத்திற்கென வடிவமைக்கப்பட்ட செவ்வாய்க் கலம் எட்டாண்டு நீடித்தது. ஆயினும் இந்த வைத்தியத்திற்கு ஓர் இயற்கை வரம்பு உண்டு. இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ளலாமேயன்றி, இல்லாததை உண்டாக்க முடியாது. ஒவ்வொரு இழப்பின்போதும் தொலைநோக்கி காணக்கூடிய வானத்தின் பரப்போ, அதன் வேகமோ குறைந்துகொண்டே செல்கிறது.

இதே கட்சியின் ஒரு கிளையாக, தொட முடியாத தூரத்திற்கே அனுப்பி, பழுதே வராத வண்ணம் செய்வது என்னும் கொள்கையும் உண்டு. தமிழ்க் குடும்பத்தில் பிறந்து 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர் தாங்கிய சந்திரா எக்ஸ் கதிர் விண்ணோக்கி, நிலவுத் தொலைவில் மூன்றிலொரு பங்கு வரை செல்லும் நீள்வட்டப் பாதையில், ஐந்தாண்டு ஆயுளுக்கென 1999-இல் ஏவப்பட்டு, கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நிற்கும் ஜேம்ஸ் வெப் விண்ணோக்கி, ராக்கெட் அதனைத் துல்லியமாகச் செலுத்தியதால் மிஞ்சிய எரிபொருளைக் கொண்டு இருபதாண்டுக்கு மேல் நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. ஹப்பிளின் ஆடியில் நேர்ந்தது போன்ற ஒரு பிழை அத்தொலைவில் நேர்ந்திருந்தால் மீட்சி இல்லை என்பதே இக்கொள்கையின் இடர். அந்த அச்சமே தரைச் சோதனைகளை நீட்டி, செலவையும் காலத்தையும் பெருக்குகிறது.

ஆஸ்ட்ரோசாட் காட்டும் பாதை

இந்நான்கு நிலைப்பாடுகளையும் நம் நாட்டு விண்ணோக்கி ஒன்றன்மேல் வைத்துப் பார்ப்பது பொருத்தமானது. 2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட, 1513 கிலோகிராம் எடையுள்ள ஆஸ்ட்ரோசாட், ஐந்தாண்டு ஆயுளை எதிர்நோக்கிச் செய்யப்பட்டுப் பத்தாண்டைக் கடந்தது. 2018 மார்ச்சில் அதன் புற ஊதாத் தொலைநோக்கியில் அண்மைப் புற ஊதாப் பிரிவு செயலிழந்தது. செனான் வாயு நிரம்பிய மூன்று பெரிய எக்ஸ் கதிர் எண்ணிகளுள் ஒன்று, வாயுக் கசிவினால் அதே மாதத்தில் நிறுத்தப்பட்டது. வாயுவைத் தூய்மை செய்யும் ஓர் அமைப்பைக் கருவிக்குள்ளேயே வைத்திருந்தார்கள். அழுக்கை எதிர்பார்த்து மருந்து வைத்தவர்கள், கசிவுக்கு மருந்து வைக்க இயலவில்லை. மற்றொரு வாயுக்குப்பியைக் கொண்டுசெல்ல வழியிருந்தால் அது இன்னும் இயங்கியிருக்கக்கூடும் என்று கருத இடமுண்டு.

எனினும் ஆயுள் என்பது கருவியின் இயக்கம் மட்டுமன்று என்பதையும் ஆஸ்ட்ரோசாட் உணர்த்துகிறது. 930 கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள ஒரு விண்மீன் மண்டலத்திலிருந்து வந்த உயர் ஆற்றல் புற ஊதா ஒளியை அது பதிவுசெய்தது 2016-இல். பதிவுகளை நுணுகி ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தது 2020-இல். செவ்வையாகப் பேணப்பட்ட தரவுக் களஞ்சியம் இருக்குமாயின், நின்றுபோன கருவியும் தொடர்ந்து கண்டுபிடிப்புகளைத் தருகிறது. செலவு மிகக் குறைந்த ஆயுள் நீட்டிப்பு இதுவேயாகும்.

பற்றும் திறனும் பாதையின் கணக்கும்

2024 டிசம்பர் 30-இல் ஏவப்பட்ட ஸ்பேடெக்ஸ் இணை கலங்கள், ஒவ்வொன்றும் சுமார் 220 கிலோகிராம் எடையுள்ளவை, 2025 ஜனவரி 16-இல் ஒன்றையொன்று பற்றி இணைந்தன. அதற்கு முன் ஒரு முயற்சியில் 3 மீட்டர் வரை நெருங்கி, அளவுகளைச் சரிபார்ப்பதற்காகப் பின்வாங்கச் செய்திருந்தனர். மார்ச் 13-இல் பிரிந்த அவை ஏப்ரல் 20-இல் மீண்டும் இணைந்தன. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு மின்சாரமும் பரிமாறப்பட்டது. அவற்றைச் சுமந்த ராக்கெட்டின் நான்காம் அடுக்கிலேயே, இடம்விட்டு இடம் நடக்கும் ஒரு யந்திரக் கரமும் சோதிக்கப்பட்டது. செப்பனிடுதலின் அரிச்சுவடி நம் கைக்கு வந்துவிட்டது என்று சொல்வது மிகையாகாது. ஆனால் அவ்விரு கலங்களும் ஒன்றையொன்று பற்றுவதற்கென்றே பிறந்தவை. ஆஸ்ட்ரோசாட் அவ்வாறு பிறந்ததன்று.

பற்றும் திறனுக்கு நிகரான மற்றொரு நிபந்தனை சுற்றுப்பாதை. கிழக்கே இலங்கை இருப்பதால், குலசேகரன்பட்டினத்திலிருந்து ராக்கெட்டுகள் தெற்கு நோக்கியே செல்லும். துருவங்களின் மேலாகச் செல்லும் பாதைகளுக்கு அது மிக ஏற்றது. ஆஸ்ட்ரோசாட்டோ நிலநடுக்கோட்டிற்கு 6 பாகை மட்டுமே சாய்ந்த பாதையில், 650 கிலோமீட்டர் உயரத்தில் சுழல்கிறது. ஒரு பாதையின் தளத்தை 60 பாகை திருப்புவதற்குக்கூட, வினாடிக்கு ஏறத்தாழ 7.5 கிலோமீட்டர், அதாவது சுற்றும் வேகத்திற்குச் சமமான மற்றொரு வேகம் வேண்டும். ஆகவே இக்கரையிலிருந்து எழும் கலம், தன் கரையைவிட நிலநடுக்கோட்டை ஒட்டிச் சுழலும் அந்த விண்ணோக்கியை எட்டுவது நடைமுறையில் அரிது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே, வழியில் திரும்பிச் செல்லும் ராக்கெட்டின் மூலம், அதனை அடையவேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கிலேயே ஒரு நம்பிக்கையும் அடங்கியிருக்கிறது. 2024 ஜனவரி 1-இல் ஏவப்பட்ட எக்ஸ்போசாட் விண்ணோக்கியும் அதே 650 கிலோமீட்டர் உயரத்தில், அதே 6 பாகைச் சாய்வில் நிறுத்தப்பட்டது. தென் அட்லாண்டிக்கின் மேலுள்ள கதிர்வீச்சு மிகுந்த பகுதியைப் பெரிதும் தவிர்ப்பதற்காகவே இப்பாதை தேர்ந்தெடுக்கப்படுகிறது. சாய்வு இவ்வளவு குறைவாக இருப்பதால், இத்தகைய இரு பாதைகளின் தளங்களுக்கிடையே கோணம் 12 பாகையைத் தாண்டுவதில்லை. வருங்கால விண்ணோக்கிகளும் இப்பாதையிலேயே சென்று சேருமாயின், ஒரே செப்பனிடும் கலம் பலவற்றுக்குப் பயன்படக்கூடும். ஒரு தோணிக்கென ஒரு துறை கட்டுவது வீண் செலவு. பல தோணிகள் வந்து தங்கும் இடத்தில் பட்டறை தானே எழும்.

தீராதவை

மேற்கண்ட நிலைப்பாடுகளை ஒப்பிடுகையில், அவற்றுள் எதுவும் பொது விதியாக நிலைக்கவில்லை என்பது தெளிவாகிறது. செப்பனிடுதல் வென்ற இடங்களில், அந்த வெற்றி பழுது நேர்ந்த அன்று தீர்மானிக்கப்படவில்லை. எட்டக்கூடிய பாதையும், பற்றக்கூடிய பிடியும், கழற்றக்கூடிய பெட்டியும் முன்னமே அமைந்திருந்தன. திறக்கப்படும் என்று எண்ணாமல் இறுக்கிய 111 திருகாணிகள் விதிவிலக்கே. அவற்றைக் கழற்றக் கொடுத்த விலை, அவ்விதியையே வலியுறுத்துகிறது. வருங்காலத் திட்டங்கள் சில இதனை ஏற்றுக்கொண்டுள்ளன. சீனாவின் ஷுன்டியன் தொலைநோக்கி, அந்நாட்டு விண்வெளி நிலையத்திற்கு வந்து இணைந்து செப்பனிட்டுக்கொள்ளும் வகையில் அதே பாதையில் நிறுத்தப்படவிருக்கிறது.

நம் நாட்டைப் பொறுத்தவரை மூன்று விஷயங்கள் தீர்மானமாகாமல் நிற்கின்றன. சுமார் 180 கோடி ரூபாயில் உருவானதாகக் கூறப்படும் ஆஸ்ட்ரோசாட் போன்ற கருவிகளுக்கு, செப்பனிடும் கலத்தின் செலவு எந்த அளவில் ஈடாகும் என்பது முதலாவது. கருவியின் மதிப்பு உயர உயரவே செப்பனிடுதலின் நியாயமும் உயருமாதலால், சிறு விண்ணோக்கிகளுக்கு அது என்றுமே பொருந்தாமற்போகவும் கூடும். ஒரு நாட்டின் கலத்தை மற்றொரு நாடோ, தனியார் நிறுவனமோ தொடும்போது நேரும் சேதத்திற்கு யார் பொறுப்பு என்பது இரண்டாவது. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் ஒவ்வொரு கலத்தின்மேலும் அதனைப் பதிவு செய்த நாட்டின் அதிகாரத்தை நிலைநாட்டுகிறதேயன்றி, செப்பனிடுதலுக்கென விரிவான நெறிகளை வகுக்கவில்லை. மெல்லிய ஒளியியல் உறுப்புகளை மாசுபடுத்தாமல் ஒரு யந்திரம் திறந்து மூட இயலுமா என்பது மூன்றாவது. இதற்கு விடை சோதனையால் வரவேண்டும்.

இவை தீரும்வரை காத்திராமல் இன்றே செய்யத்தக்கது ஒன்றுண்டு. இந்திய வானியற்பியல் நிறுவனம் முன்மொழிந்துள்ள, ஒரு மீட்டர் ஆடியுடைய இன்சிஸ்ட் புற ஊதாத் தொலைநோக்கி போன்ற திட்டங்கள் இன்னும் வரைபட நிலையில் இருக்கின்றன. பற்றுவதற்கு ஒரு வளையம், நெருங்கி வருபவருக்கு வழிகாட்டும் குறிகள், வெளியிலிருந்து எட்டக்கூடிய மின்னிணைப்பு, உள்ளதை உள்ளபடி காட்டும் வரைபடம் ஆகியவற்றை இந்நிலையில் சேர்ப்பதற்கு ஆகும் செலவு சொற்பம். ஏவியபின் சேர்ப்பதற்கோ வழியே இல்லை. செப்பனிடுவோமா என்பதை அப்போதைய தலைமுறை தன் வசதிக்கேற்பத் தீர்மானித்துக்கொள்ளலாம். அத்தீர்மானத்திற்கு இடமில்லாமற் செய்துவிடுவது மட்டும் நமக்கு உரிமையுடைய காரியமாகத் தோன்றவில்லை.